செர்ரிக் கவாத்தின் காலம்: பழத்தின் தரமும் மகசூலும் எந்தப் பருவத்தில் தீர்மானமாகின்றன

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை பயிரிடுபவருக்குக் கவாத்துக்கும் அறுவடைக்கும் உள்ள தொடர்பு நேரடியானது. கொடியை வெட்டிய பின் துளிர்க்கும் தளிரோடு பூங்கொத்தும் வெளிவருவதால், கவாத்து செய்த நாளை வைத்தே குலை எப்போது சந்தைக்குப் போகும் என்று கணக்கிட்டுவிடலாம். இந்தப் பழக்கத்தோடு செர்ரி மரத்தை அணுகினால் கணக்கு முழுவதும் பிசகிவிடும். இனிப்புச் செர்ரியில் கவாத்துத் தேதியை ஒரு மாதம் தள்ளிப் போடுவதால் பழம் ஒரு மாதம் தள்ளிப் பழுக்காது. எத்தனை பூக்கள் மிஞ்சும், ஒவ்வொரு பழத்துக்கும் எவ்வளவு இலை உணவூட்டும், வெட்டுக்காயம் ஆறுமா அழுகுமா, அடுத்த ஆண்டுக்கும் அதற்கடுத்த ஆண்டுக்கும் காய்க்கும் கிளை எவ்வளவு உயிரோடு இருக்கும் என்பவையே மாறுகின்றன. ஆகவே கவாத்தின் காலத்தைப் பற்றிப் பேசும்போது குறைந்தது இரண்டு அறுவடைகளை ஒருசேர மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள மொட்டிலிருந்து தொடங்குவது நல்லது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், யாக்கிமா, வெனாச்சி பகுதிகளின் தோட்டங்களில் செர்ரி பெரும்பாலும் ஏப்ரலில் பூத்து, ஜூன் தொடக்கத்திலிருந்து ஆகஸ்டு வரை ரகத்துக்கும் உயரத்துக்கும் ஏற்ப அறுவடைக்கு வருகிறது. அந்த ஏப்ரல் பூக்களின் கரு முந்தைய கோடையிலேயே உருவாகிவிடுகிறது. மரம் இந்த ஆண்டின் பழத்தைக் கொடுத்து முடிக்கும் வேளையிலும் அதையடுத்த வாரங்களிலும் அடுத்த ஆண்டின் பூமொட்டுகளை வகுக்கத் தொடங்கி, இலையுதிர்வதற்குள் பூவின் பாகங்களைப் பெரும்பாலும் உருவாக்கி முடிக்கிறது. குளிர்காலத்தில் மரம் வெறும் குச்சியாக நிற்கும்போது அதன் மீதுள்ள பூக்களின் எண்ணிக்கை முன்னமே முடிவாகியிருக்கிறது. டிசம்பருக்குப் பின் கத்தரி பிடிப்பவரால் அந்த எண்ணிக்கையைக் குறைக்க முடியும்; கூட்ட முடியாது.

பூமொட்டுகள் எங்கே உட்காருகின்றன என்பதும் முக்கியம். செர்ரி பெரும்பாலும் இரண்டாம் ஆண்டையும் அதற்கு மேற்பட்ட வயதையும் அடைந்த கிளைகளில், ஸ்பர் எனப்படும் விரல் நுனியளவு குட்டைக்கிளைகளில் காய்க்கிறது; ஓராண்டுக் கிளையின் அடிப்பகுதியிலும் சில பூமொட்டுகள் தனித்தனியாக இருக்கும். ஒரு தளிர் முதல் ஆண்டில் நீளமாக வளர்கிறது. இரண்டாம் ஆண்டில் அதன் பக்க மொட்டுகள் இலைக்கொத்துகளாக விரிந்து குட்டைக்கிளைகளாகின்றன. மூன்றாம் ஆண்டின் வசந்தத்தில்தான் அந்தக் குட்டைக்கிளைகள் பூக்கின்றன. செர்ரியின் பூமொட்டுக்குள் பூ மட்டுமே உண்டு, வழக்கமாக இரண்டு முதல் நான்கு வரை. குட்டைக்கிளையின் நுனியிலுள்ள ஒற்றை இலைமொட்டுதான் அதன் ஆயுளை நீட்டிக்கிறது. நிழலிலோ நோயிலோ அந்த மொட்டு செத்தால் குட்டைக்கிளையும் செத்துவிடும். அதே இடத்தில் இன்னொன்று முளைப்பது அரிது. குளிர்காலத்தில் ஓராண்டுக் கிளையின் நுனியை வெட்டுபவர் வருகிற அறுவடையைக் கிட்டத்தட்ட தொடவே இல்லை, அதற்கடுத்த ஆண்டின் அறுவடையை வெட்டுகிறார். கவாத்தின் விளைவைப் பற்றித் தோட்டக்காரர்களுக்குள் எழும் பல வாக்குவாதங்கள், வெட்டும் விளைவும் ஒரே ஆண்டில் தெரியும் என்று எடுத்துக்கொள்வதால் வருபவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு அடிப்படைச் செய்தி மரத்தின் சேமிப்பு. செர்ரி இலை விரிவதற்கு முன் பூக்கிறது. பூவும், குட்டைக்கிளையின் முதல் இலைகளும், பிஞ்சின் முதல் வாரங்களும் வேரிலும் தண்டிலும் முந்தைய ஆண்டு சேர்த்து வைத்த மாவுச்சத்தையும் தழைச்சத்தையும் நம்பியே நடக்கின்றன. பிஞ்சில் செல்கள் பிரிந்து பெருகுவதும் அந்த முதல் வாரங்களில்தான். பின்னால் கொட்டை இறுகி, கடைசிக் கட்டத்தில் பழம் உப்பும்போது, முன்பு உருவான செல்கள்தான் நீரும் சர்க்கரையும் ஏறி விரிகின்றன. செல் குறைவாக இருக்கும் பிஞ்சைக் கடைசி மூன்று வாரத்தில் எவ்வளவு தண்ணீர் விட்டும் பெரிதாக்க முடியாது. இந்தச் சேமிப்பு சேர்வதோ அறுவடைக்கும் இலையுதிர்வுக்கும் இடைப்பட்ட மாதங்களில். பழம் பறித்தபின் மரத்தில் நிற்கும் இலைகளை வேலையற்றவை என்று கருதுவதைப் போன்ற பிழை செர்ரி சாகுபடியில் வேறில்லை.

இனி, பழத்தின் தரம் என்று எதைச் சொல்கிறோம்? சந்தையில் முதலில் அளவு, பிறகு உறுதி, நிறம், இனிப்பு. அமெரிக்க வணிகத்தில் செர்ரியின் அளவை வரிசை எண்ணால் குறிக்கிறார்கள். 12 வரிசை என்றால் பழத்தின் குறுக்களவு சுமார் 21.4 மி.மீ.; 10 வரிசை 26.6 மி.மீ.; 9 வரிசை 29.8 மி.மீ. எண் குறையக் குறையப் பழம் பெரிது, விலையும் பெரிது. ஒரு பழம் நல்ல அளவுக்கும் இனிப்புக்கும் வர ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர் இலைப்பரப்பு தேவை என்பது ஆய்வாளர்கள் நெடுநாளாகப் பயன்படுத்தும் அளவுகோல். ஒரு குட்டைக்கிளையில் ஏழெட்டு இலைகள் இருக்கலாம்; அதே குட்டைக்கிளையில் நான்கைந்து பூமொட்டு, மொட்டுக்கு மூன்று பூ என்று வைத்து, அவற்றில் பாதி பிடித்தாலும் இலைக்கும் பழத்துக்கும் உள்ள விகிதம் எவ்வளவு நெருக்கடியானது என்பது விளங்கிவிடும்.

ஆப்பிள் தோட்டத்தில் இந்த நெருக்கடியைப் பூவுதிர்ப்பு மருந்தாலோ கையாலோ தீர்த்துக்கொள்ளலாம். செர்ரியில் நம்பகமான உதிர்ப்பு மருந்து இல்லை. இத்தனை சிறிய பிஞ்சுகளைக் கையால் கிள்ளும் கூலியும் கட்டாது. ஆகவே பழச்சுமையைக் கட்டுப்படுத்தும் முதன்மைக் கருவி கத்தரிதான். ஜெர்மனியின் கீஸனில் உருவான கிசெலா வரிசைக் குட்டை வேர்ச்செடிகள் (விரும்பிய ரகத்தை மேலே ஒட்டுவதற்கான அடிச்செடிகள்) வந்த பிறகு இது இன்னும் கூர்மையாகிவிட்டது. மசார்டு வேர்ச்செடியில் நிற்கும் மரம் ஓங்கி வளர்ந்து, தாமதமாகக் காய்த்து, இலையை மிகுதியாக வைத்துக்கொள்ளும். கிசெலா 5 வேர்ச்செடியில் அதே ரகம் சிறு மரமாக நின்று, சீக்கிரமே காய்த்து, தாங்க முடியாத அளவு பூக்கிறது. லாப்பின்ஸ், ஸ்வீட்ஹார்ட் போன்று தன் மகரந்தத்திலேயே காய்க்கும் ரகங்களை அதன் மேல் ஒட்டினால் கிளை முழுக்கப் பழம், ஆனால் எல்லாம் சின்னப் பழம். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மேத்யூ வைட்டிங்கும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிரெகரி லாங்கும் கிசெலா 5 மீது ஒட்டிய பிங் ரக மரங்களைப் பற்றி 2004 இல் வெளியிட்ட ஆய்வு, சுமை கூடும்போது பழத்தின் எடையும் தரமும் மரத்தின் வளர்ச்சியும் சேர்ந்தே குறைகின்றன என்று காட்டியது.

இந்தப் பின்னணியில் குளிர்காலக் கவாத்தின் இடம் தெளிவாகிறது. மரம் உறங்கும்போது வெட்டினால் வேரிலுள்ள சேமிப்பு அப்படியே இருக்க, அதைப் பங்கு போடும் மொட்டுகள் மட்டும் குறைகின்றன. மிஞ்சும் ஒவ்வொரு மொட்டுக்கும் கூடுதல் பங்கு கிடைப்பதால் தளிர் வேகமாக எழுகிறது, பிஞ்சுக்கும் ஊட்டம் மிகுகிறது. வீரியமற்ற குட்டை மரத்துக்கு இது மருந்து; ஏற்கெனவே ஓங்கி வளரும் இள மரத்துக்கு இது நீர்க்குச்சிகளை, அதாவது காய்க்காமல் நேராக ஓங்கும் தளிர்களை, வரவழைக்கும் வேலை. எதை வெட்டுகிறோம் என்பதும் காலத்தோடு சேர்ந்தே நிற்கிறது. ஓராண்டுக் கிளையின் நுனிப்பகுதியில் கணுக்கள் நெருங்கி இருக்கும். விட்டுவைத்தால் அங்கே குட்டைக்கிளைகள் அடர்ந்து, இரண்டு ஆண்டு கழித்துச் சிறு பழங்கள் கொத்தாகத் தொங்கும். உறக்கநிலையிலேயே கிளையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை நுனியிலிருந்து நறுக்கிவிட்டால், பூக்காத நிலையிலேயே எதிர்காலச் சுமை குறைகிறது, வெட்டுக்குக் கீழே புதுத் தளிர்களும் அவற்றின் பெரிய இலைகளும் வருகின்றன. பழைய, தொங்கிப்போன, நிழலில் மெலிந்த கிளைகளை முழுதாக எடுத்துவிட்டால் வருகிற அறுவடையின் பழ எண்ணிக்கை உடனே குறையும். மிஞ்சும் பழம் பெரிதாவதால் மொத்த எடை அதே விகிதத்தில் குறையாது. ஆனால் ஓர் எல்லைக்கு மேல் வெட்டினால் பழத்தின் பருமன் இழப்பை ஈடுசெய்யாது. ரகம், வேர்ச்செடி, மண் ஆகியவற்றுக்கு ஏற்ப அந்த எல்லை ஒவ்வொரு தோட்டத்திலும் வெவ்வேறு இடத்தில் விழும்.

குளிர்காலம் என்பதும் ஒரே காலமன்று. டிசம்பரில் வெட்டுவதற்கும் மார்ச்சில் வெட்டுவதற்கும் உள்ள வேறுபாடு சிறிதல்ல. கடுங்குளிர் வருவதற்கு முன் வெட்டினால், காயத்தைச் சுற்றியுள்ள திசு குளிரைத் தாங்கும் திறனைச் சற்று இழக்கிறது. அதைவிடப் பெரிய காரணம் வேறு: எத்தனை பூமொட்டுகள் உயிரோடு வசந்தத்தைப் பார்க்கப்போகின்றன என்பது டிசம்பரில் யாருக்கும் தெரியாது. குளிர்கால முடிவில் தோட்டக்காரர்கள் செய்யும் ஒரு சோதனை இங்கே சொல்லத் தக்கது. மரத்தின் பல உயரங்களிலிருந்து சில குச்சிகளை வெட்டி வந்து, அறைச் சூட்டில் ஒரு நாள் வைத்து, ஒவ்வொரு பூமொட்டையும் சவர பிளேடால் குறுக்கே சீவிப் பார்க்கிறார்கள். வெட்டுமுகத்தில் இரண்டு மூன்று சிறு வட்டங்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு பூ. நடுப்புள்ளி பசுமையாக இருந்தால் சூலகம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் அந்தப் பூ மலர்ந்தாலும் காய்க்காது. நூறு மொட்டைச் சீவி எண்ணினால் எவ்வளவு வெட்டலாம், எவ்வளவு விடவேண்டும் என்பதற்கு ஓர் ஆதாரம் கிடைக்கிறது. பத்தில் மூன்று பூக்கள் செத்திருக்கும் ஆண்டில் வழக்கமான கடுமையோடு வெட்டுவது மகசூலை இரண்டு முறை இழப்பதாகும்.

ஆபத்து அத்தோடு முடிவதில்லை. மொட்டு உப்பத் தொடங்கியபின் மரம் நாளுக்கு நாள் மென்மையாகிறது. முழுப் பூப்பில் நிற்கும் செர்ரி, சுழியத்துக்குக் கீழே 2.2 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் நின்றால் பத்தில் ஒரு பங்கு பூவை இழக்கும் என்றும், 3.9 டிகிரியில் பத்தில் ஒன்பது பங்கை இழக்கும் என்றும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ள பழைய அட்டவணை சொல்கிறது. 1.7 டிகிரி வேறுபாட்டில் ஓர் ஆண்டின் வருமானம் தொங்குகிறது. உறைபனியைத் தடுக்கும் காற்று விசிறிகளும் தெளிப்பு நீரும் இல்லாத, பள்ளமான, உறைபனி தங்கும் தோட்டங்களில் இறுதிக் கவாத்தை மொட்டு உப்பும் வரையோ பூக்கும் வரையோ ஒத்திப்போடுவது நியாயமான காப்பீடு என்பது என் கருத்து. அதற்கு ஒரு விலையும் உண்டு. சேமிப்பில் ஒரு பகுதி அதற்குள் மொட்டுகளுக்கு ஏறிவிட்டிருக்கும்; வெட்டி எறியும் கிளையோடு அதுவும் போகிறது, தளிர் வேகம் குறைகிறது. ஓங்கி வளரும் மரத்தில் இந்த இழப்பு வரவேற்கத்தக்கது. மெலிந்த கிசெலா 5 மரத்தில் அப்படியல்ல.

இதுவரை சொன்னது வறண்ட, குளிர்ந்த உள்நாட்டுப் பகுதிகளின் கணக்கு. மழையுள்ள குளிர்காலத்தில் வேறொரு காரணம் எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா குளிர்ந்த ஈரமான வானிலையில் வெட்டுக்காயம், இலைத்தழும்பு, உறைபனிக் காயம் ஆகியவற்றின் வழியே நுழைந்து, பட்டையைக் கறுக்கச் செய்து, பிசின் வடியவைத்து, கிளையையோ இள மரத்தையோ முழுதாகச் சாகடிக்கிறது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலேயே கேஸ்கேட் மலைத்தொடருக்குக் கிழக்கே தி டேல்ஸ் வறண்டது, மேற்கே வில்லமெட் பள்ளத்தாக்கு மழையில் நனைவது. ஒரே மாநிலத்தில் ஒரே ரகத்துக்கு இரண்டு கவாத்துக் காலங்கள் பொருந்துவது இதனால்தான். கலிபோர்னியாவில் யூட்டைப்பா என்ற பூசணத்தின் வித்துகள் மழையோடு பரவிப் புதுக் காயங்களில் இறங்குகின்றன. அங்கே செர்ரியையும் ஆப்ரிகாட்டையும் கோடையிலேயே, மழைக்கு முன் குறைந்தது ஆறு வாரம் காயம் ஆறும்படி வெட்டிவிடச் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் வெள்ளியிலை நோயைத் தரும் பூசணத்துக்கு அஞ்சிக் கோடைக் கவாத்தையே மரபாக்கிவிட்டார்கள். இந்த மூன்று இடங்களிலும் கோடைக் கவாத்து முதன்மையாக வந்தது மரம் சாகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. பழத்தின் தரத்தை முன்னிட்டு வந்ததன்று. அங்கிருந்து வரும் ஆலோசனையை வறண்ட நாட்டுத் தோட்டக்காரர் வாசிக்கும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

கோடைக் கவாத்தையே அறுவடைக்கு முன், அறுவடைக்குப் பின் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அறுவடைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு உச்சியில் எழுந்த நேர்க்குச்சிகளை எடுத்தால் உள்ளே வெளிச்சம் இறங்குகிறது. ரெய்னியர் போன்று மஞ்சள் தோலில் செந்நிறம் ஏற வேண்டிய ரகங்களில் வெளிச்சம் நேரடியாகப் பணமாகிறது. ஆனால் அதே குச்சிகளின் இலைகள்தான் கடைசிக் கட்டத்தில் பழத்துக்குச் சர்க்கரை அனுப்பிக்கொண்டிருந்தவை. நிழலிலேயே வளர்ந்த பழத்தைத் திடீரென்று வெயிலுக்குத் திறந்துவிட்டால் தோல் வெந்துபோகும் ஆபத்தும் இருக்கிறது. சில குச்சிகளை மட்டும் எடுப்பது பலன் தரும். மரத்தை மொட்டையடிப்பது தராது.

அறுவடைக்குப் பின்னான வெட்டு இதனிலும் நுட்பமானது. என் பார்வையில் இதுவே அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. பழம் இல்லாததால் எதை வெட்டினாலும் நட்டமில்லை என்று தோன்றும். ஆனால் அப்போதுதான் அடுத்த ஆண்டின் பூ உருவாகிக்கொண்டிருக்கிறது. உள்ளடங்கிய குட்டைக்கிளைகளுக்கு வெளிச்சம் கிடைத்தால் அவை உயிரோடு இருந்து நல்ல மொட்டு வைக்கும். கிடைக்காவிட்டால் அடிக்கிளைகள் ஆண்டுக்கு ஆண்டு வெறுமையாகி, காய்ப்பு ஏணிக்கு எட்டாத உச்சிக்கு ஏறிவிடும். இந்த வகையில் அறுவடை முடிந்த சில வாரங்களுக்குள் செய்யும் மிதமான கவாத்து அடுத்த ஆண்டின் மகசூலுக்கும் தரத்துக்கும் ஒருங்கே உதவுகிறது. மிதமான என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கோடைக் கவாத்து மரத்தைக் குட்டையாக்கும் என்று அடிக்கடி சொல்லப்படுவதில் பாதி உண்மை உண்டு: உணவு தயாரிக்கும் இலை போவதால் சேமிப்பு குறைகிறது, அதனால் அடுத்த வசந்தத்தின் வேகமும் குறைகிறது. அந்தக் குறைவு தளிரில் மட்டும் நின்றுவிடாது. பிஞ்சின் முதல் வாரங்களிலும் தெரியும். கோடையின் தொடக்கத்தில் வெட்டினால் மரம் மீண்டும் துளிர்த்து, வெட்டிய பலனையே மூடிவிடலாம்; கோடையின் பின்பகுதியில் வெட்டினால் மறுதுளிர் குறைவு. செப்டம்பருக்குப் பிறகு இலையோடு கூடிய கிளையை வெட்டுவதற்கு எனக்குத் தெரிந்த நியாயம் எதுவும் இல்லை. சேமிப்பும் போகிறது, குளிரைத் தாங்கும் ஆயத்தமும் கெடுகிறது, மழைக்காலக் காயமும் திறந்து நிற்கிறது.

வெப்பமும் இங்கே குறுக்கிடுகிறது. பூமொட்டில் சூலகம் உருவாகும் நாட்களில் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி நீடித்தால், ஒரே பூவில் இரட்டைச் சூலகம் உருவாகி, மறு ஆண்டு இரட்டைப் பழமாக ஒட்டிப் பிறக்கிறது. அவை தரம் பிரிக்கும்போது கழிக்கப்படுகின்றன. ஜப்பானில் சாட்டோநிஷிகி ரகத்தில் நடந்த ஆய்வுகள், இதற்கு வறட்சியைவிட வெப்பமே காரணம் என்று காட்டின. கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கிலும், நவம்பர் முதல் ஜனவரி வரை அறுவடை செய்து சீனப் புத்தாண்டுச் சந்தைக்கு அனுப்பும் சிலியிலும் அறுவடைக்குப் பிந்தைய மாதங்களே மிகக் கடுமையான வெயில் மாதங்கள். அங்கே அப்போது மரத்தை அகலத் திறந்துவிடுவது, வெளிச்சம் தேடும் மொட்டுகளுக்கு வெப்பத்தையும் சேர்த்துக் கொடுப்பதாகிவிடும். பட்டையில் வெயில் பட்டு வெடிப்பதும் உண்டு. எனவே அத்தகைய இடங்களில் உச்சியின் மெல்லிய நேர்க்குச்சிகளை எடுத்து, தடித்த கிளைகளை நீக்கும் வேலையை வெயில் தணியும் வரையோ, நோய் அனுமதித்தால் குளிர்காலம் வரையோ தள்ளிவைப்பது அறிவுடைமை.

நடைமுறையில் காலத்தைத் தீர்மானிப்பது உயிரியல் மட்டுமன்று. வாஷிங்டனில் செர்ரி முடிந்த உடனே ஆட்கள் ஆப்ரிகாட், பேரி, ஆப்பிள் தோட்டங்களுக்குப் போய்விடுகிறார்கள். ஆகஸ்டில் கத்தரி பிடிக்க ஆள் கிடைப்பதே அரிது. நேராக எழும் தண்டுகளை வரிசையாக வளர்க்கும் புதிய வடிவமைப்புகள் பரவுவதற்கு இதுவும் ஒரு காரணம்: ஆண்டுதோறும் மிகத் தடித்த ஒரு தண்டை அடியோடு எடுத்துப் புதுத்தண்டுக்கு வழிவிடுவது என்று விதி எளிதாகிவிட்டால், அனுபவமற்றவரும் சரியாக வெட்ட முடிகிறது.

இந்தியச் செர்ரியில் மிகப் பெரும்பங்கைத் தரும் காஷ்மீரிலும், அடுத்து நிற்கும் இமாசலப் பிரதேசத்தின் நார்கண்டா, கோட்கட் மலைச்சரிவுகளிலும் நிலைமை வேறு. பெரும்பாலும் வீரியமான வேர்ச்செடியில் ஓங்கி நிற்கும் பழைய மரங்கள்; குளிர்காலத்தில் பனிச்சுமை; வசந்தத்தில் மழை; மே நடுவில் தொடங்கும் அறுவடை. இத்தகைய மரங்களில் சுமை மிகுதியைவிட நிழல்தான் முதல் சிக்கல். ஆகவே பனி கரைந்து வானம் வெளுத்த வறண்ட நாட்களில், மொட்டு உப்புவதற்கு முன் உச்சியைத் தாழ்த்தும் பெரிய வெட்டுகளை இரண்டு மூன்று ஆண்டுகளாகப் பிரித்துச் செய்து, அறுவடை முடிந்ததும் ஜூலையில் நீர்க்குச்சிகளை மட்டும் களைவது அங்கே பொருந்தும். ஒரே குளிர்காலத்தில் பாதி மரத்தை இறக்கினால் வேரின் முழுச் சேமிப்பும் நீர்க்குச்சிகளாக எழுந்து, அடுத்த கோடையில் முன்னைவிட அடர்ந்த நிழலே உண்டாகும். குட்டை வேர்ச்செடிகளில் புதிதாக நடும் தோட்டங்களுக்கோ மூன்றாம் நான்காம் ஆண்டிலிருந்தே, காய்ப்பு நன்றாக வரும் என்ற மகிழ்ச்சியில் கத்தரியை எடுக்காமல் இருந்துவிடாமல், ஒவ்வோர் உறக்கநிலையிலும் நுனிகளை நறுக்குவது தொடங்கிவிட வேண்டும். சுமையில் ஒருமுறை தளர்ந்து தளிர்விடுவதை நிறுத்திய குட்டை மரத்தை மீண்டும் வளரவைப்பது, ஓங்கிய மரத்தை அடக்குவதைவிடக் கடினம்.